கிளஸ்டர் தலைவலிக்கு வேகஸ் நரம்புக் கருவி: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

கிளஸ்டர் தலைவலி வந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஒரு கண்ணுக்குப் பின்னால் குடைந்தெடுக்கும், அந்தக் கண்ணில் நீர் கொட்டும், படுக்கவும் முடியாது உட்காரவும் முடியாது. மாத்திரை வேலை செய்வதற்குள் வலி உச்சத்துக்குப் போய்விடும். அதனால்தான் டாக்டரிடம் கேட்டு காமாகோர் கருவிக்கு வந்தேன். 2017-ல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதே நோய்க்காக அனுமதித்த கருவி இது. அறுவை சிகிச்சை கிடையாது. மூளையிலிருந்து கழுத்து வழியாக வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பை, கழுத்துத் தோலின் மேலிருந்தே மின்துடிப்பால் தூண்டுகிறது.

கைக்கு அடக்கமான பெட்டி, முனையில் இரண்டு உலோகக் குமிழ்கள். அவற்றில் ஜெல் தடவி, கழுத்தின் பக்கவாட்டில் நாடி துடிக்கும் இடத்தில் அழுத்த வேண்டும். அப்புறம் அளவை மெல்லக் கூட்டிக்கொண்டே போனால், அந்தப் பக்கத்துக் கீழ் உதடு லேசாக இழுக்கும். சரியான இடம் என்பதற்கு எனக்கு அதுதான் அடையாளம். ஜெல் குறைந்தால் சுருக்கென்று குத்தும், தாராளமாகவே தடவுங்கள். ஒரு தூண்டல் 2 நிமிடம், அடுத்தடுத்து மூன்று. நிறுத்தியதும் உதடு பழையபடி ஆகிவிடும்.

வலி தலைகாட்டும்போதே வைத்தால் பல தடவை அடங்கியிருக்கிறது. முற்றிய பிறகு வைத்துப் பெரிதாகப் பலனில்லை. அதனால் வலி வந்தால் சுவாசிப்பதற்கான ஆக்சிஜன் சிலிண்டரை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. உண்மையான பலன் தினமும் காலையும் மாலையும் தடுப்புக்காக வைத்ததில்தான் கிடைத்தது. வலி ஒழியவில்லை, ஆனால் வருவது வெகுவாகக் குறைந்தது. பெரிய இடைவெளி இல்லாமல் வருடம் முழுக்க வலி வரும் நாள்பட்ட வகைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வந்த வலியை நிறுத்துவதில் ஆய்வுகள் பலன் காட்டியது விட்டுவிட்டு வரும் வகையில்தான். நாள்பட்ட வகைக்கு அது தடுப்பாகவே உதவியது.

பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கழுத்து ரத்தக் குழாயில் அடைப்பு உள்ளவர்களும் இதைத் தொடக் கூடாது. தூக்கத்துக்கு, மன அழுத்தத்துக்கு என்று விற்கும் காது கிளிப்புகளை இதன் ஆய்வு முடிவுகளை நம்பி வாங்காதீர்கள். அவை தூண்டுவது காதுக்கு வரும் கிளையை, மின்துடிப்பும் வேறு.

எனக்குள்ள ஒரே மனக்குறை, மருந்துச் சீட்டின் காலம் முடிந்ததும் கருவி தானாகவே நின்றுவிடுவது. வலிக் காலம் நடுவில் அப்படி நின்றால் தவித்துப்போவோம், முன்கூட்டியே புதுப்பித்து வையுங்கள்.