14,600 ரூபாய் போச்சு: மாடல் விமானத்தை "கன்வெர்ட் பண்ணித் தர்றேன்" என்பவர்களிடம் உஷார்

14,600 ரூபாய். அது போக, நான் நம்பி அனுப்பிய என் சொந்த கிட், அதாவது ஒட்டிச் சேர்க்க வேண்டிய பிளாஸ்டிக் விமானப் பாகங்கள் அடங்கிய பெட்டி. இரண்டையும் வாங்கிக்கொண்டு ஒருவர் திருப்பி அனுப்பியிருக்கும் குப்பை நேற்றுதான் காரைக்குடிக்கு வந்து சேர்ந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "சரி, போகட்டும்" என்று எனக்கே தோன்றிவிடும்.

விஷயம் மஸ்கிட்டோ விமானம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் டி ஹாவிலண்ட் நிறுவனம் மரத்தால் செய்த இரட்டை என்ஜின் விமானம் அது. பால்சா மரத்தின் இருபுறமும் பிர்ச் பிளைவுட் ஒட்டி, உடம்பை இடது பாதி, வலது பாதி என்று தனித்தனியாகச் செய்து, உள்வேலையை முடித்த பிறகு நடுவில் சேர்த்து ஒட்டினார்கள். பிளாஸ்டிக் கிட்டில் நாம் செய்வதும் அதேதான். பர்மாத் தேக்குத் தூண்களைக் கட்டிப்பிடித்து வளர்ந்தவனுக்கு மர விமானத்தின் மேல் கிறுக்கு வராமல் இருக்குமா?

எனக்கு வேண்டியிருந்தது அந்த ரகத்தின் முதல் விமானத்தின் மாடல். அந்த விமானத்தின் எண் டபிள்யூ 4050. 1940 நவம்பர் 25 அன்று ஹாட்ஃபீல்டில் ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் ஜூனியர் முதன்முதலில் பறக்கவிட்ட மஞ்சள் நிற முன்மாதிரி. கடையில் கிடைக்கும் 1/48 கிட் (அசலில் 48-ல் ஒரு பங்கு அளவு) எல்லாம் பின்னால் வந்த ரகங்கள். அவற்றில் என்ஜின் கூடு இறக்கையின் பின்விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் ஃபிளாப்பும், அதாவது இறக்கையின் பின்னால் கீழே இறங்கும் பலகையும், இரண்டாகப் பிரிந்திருக்கும். முன்மாதிரியில் கூடு குட்டை. இறக்கைக்கு அடியிலேயே ஒடுங்கி முடிந்துவிடும், ஃபிளாப் ஒரே துண்டு. பறந்து பார்த்தபோது வால் அதிர்ந்ததால்தான் கூட்டைப் பிறகு நீட்டினார்கள். வால் இறக்கையும் முன்மாதிரியில் ஓரடிக்கு மேல் குறைவு, 1/48 அளவில் பக்கத்துக்கு நாலு மில்லி வரும். கடைக் கிட்டை வெட்டி, ரெசினில் (வார்த்தால் இறுகும் பிசின்) புதுக் கூடு வார்த்து, இடைவெளியில் புட்டி வைத்துத் தேய்க்க வேண்டும். இப்படி ஒரு ரகத்தை இன்னொன்றாக மாற்றுவதுதான் கன்வெர்ஷன். அதற்கு என்னிடம் கருவியும் இல்லை, கண்ணும் இல்லை.

மாடல் கிட் வாங்கி விற்கும் ஒரு சமூக ஊடகக் குழுவில்தான் இந்த ஆள் கிடைத்தார். "கன்வெர்ஷன் வேலை செய்து தரப்படும்" என்று அழகழகான படங்கள். அதற்கெல்லாம் நான் மயங்கவில்லை. போனில் பேசும்போது அவர் கேட்ட ஒரு கேள்விக்குத்தான் மயங்கினேன். "சார், உங்களுக்கு 4050 எந்தக் காலத்தது வேணும்? 1941 பிப்ரவரியில பாஸ்கோம்ப் டவுன்ல உடம்பு முறிஞ்சதே, அதுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்றார். பாஸ்கோம்ப் டவுன் பிரிட்டனில் விமானங்களைச் சோதித்த தளம். அங்கே தரையில் ஓடும்போது பின்சக்கரம் சிக்கி உடம்பு முறிந்துபோனதையும், அடுத்த விமானமான 4051-க்குச் செய்து வைத்திருந்த உடம்பை எடுத்து இதற்கு மாட்டியதையும் அவரே சொன்னார். இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்றுவாரா என்று நினைத்தேன். இங்கே வீட்டில் பிளாஸ்டிக் விமானத்தைப் பார்த்து "விளையாட்டுச் சாமான்" என்றுதான் சொல்வார்கள். போர்க்காலத்தில் போட்ட ஓடுதளம் செட்டிநாட்டில் இன்னும் கிடக்கிறது, அதைப் பற்றிப் பேசக்கூட எனக்கு ஆள் கிடையாது. அப்படிப்பட்டவனிடம் ஒருவர் பாஸ்கோம்ப் டவுன் பற்றிப் பேசினால் என்ன ஆகும்? அட்வான்ஸ் 6,000 அன்றே போட்டேன். கிட்டையும் பெட்டியோடு கூரியரில் அனுப்பினேன். பிறகு "வேலை முடிஞ்சது சார், பேலன்ஸ் போட்டா அனுப்பிடுவேன்" என்று ஒரு படம் வந்தது. பார்க்க அருமை. 8,600 போட்டேன். ஆக 14,600.

வந்ததைச் சொல்கிறேன். என்ஜின் கூட்டின் பின்பகுதியை வெள்ளரிக்காயை நறுக்கியதுபோல் செங்குத்தாக வெட்டி, ஓட்டையில் புட்டியை அப்பியிருக்கிறார். ஒடுங்கவே இல்லை. புதிதாக வார்த்த ரெசின் என்று மருந்துக்கும் கிடையாது. ஃபிளாப்பை ஒன்றாக்குகிறேன் பேர்வழி என்று இறக்கையின் பின்விளிம்பையே தேய்த்து எடுத்துவிட்டார். அதை இனி யாராலும் மீட்க முடியாது. வால் இறக்கை ஒரு பக்கம் நாலு மில்லி குறைவு, மறுபக்கம் ஏழு. கண்ணாடி மூக்கை சூப்பர் க்ளூ போட்டு ஒட்டியதில் உள்ளே வெள்ளையாகப் புகை படிந்துவிட்டது. தெளிவான பிளாஸ்டிக்கில் அந்தப் பசை படக்கூடாது என்பது இந்த வேலையில் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். டீக்கால் (விமானத்தில் ஒட்டும் எழுத்து, சின்னம்) என்று வந்தது வீட்டு இங்க்ஜெட்டில் அடித்த ஸ்டிக்கர், ஈரம் பட்டதும் எழுத்து கரைகிறது. சக்கரம் இரண்டையும் காணவே காணோம்.

அவர் காட்டிய "வேலை முடிஞ்ச" படத்தை இணையத்தில் தேடிப் பார்த்தேன். பல வருடத்துக்கு முன்பு வெளிநாட்டுக்காரர் ஒருவர் போட்ட படம்! ஓரத்தில் தெரிந்த அவருடைய காபிக் கோப்பையை மட்டும் இவர் வெட்டியிருக்கிறார்.

இனி பதில்களைக் கேளுங்கள். முதலில், "கூரியர்ல டேமேஜ் ஆயிருக்கும் சார்." கூரியர்காரர் ரம்பம் வைத்து அறுத்தாரா என்று கேட்டேன். அப்புறம், "உங்க ஊர் வெயிலுக்கு ரெசின் வளைஞ்சிருக்கும்." ரெசினே இல்லையே ஐயா! அப்புறம், "ஹேண்ட்மேட் வேலைன்னா அப்படித்தான் ப்ரோ இருக்கும்." பணம் வாங்கும்வரை சார், வாங்கிய பிறகு ப்ரோ. கடைசியில் "எனக்கு உடம்பு சரியில்லை, மனஉளைச்சல் கொடுக்காதீங்க." 14,600 கொடுத்தவன் நான், உளைச்சல் அவருக்கு.

குழுவை நடத்துபவரிடம் போனால், "பரிவர்த்தனை உங்க ரெண்டு பேருக்குள்ள நடந்தது, குழு பொறுப்பில்லை" என்று விதியை ஒட்டினார். கொஞ்ச நேரத்தில் என் புகார்ப் பதிவும் காணோம். விற்றவரின் விளம்பரம் மட்டும் இன்னும் இருக்கிறது. பணம் போன செயலியில் கேட்டால், "நீங்களே அனுமதித்த பணம்" என்று இயந்திரப் பதில், அதையே மறுபடி மறுபடி. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பித்தளைச் சொம்பு வாங்கினால்கூடத் தட்டிப் பார்த்து வாங்கலாம், பிடிக்காவிட்டால் மறுநாள் கடை வாசலில் போய் நிற்கலாம். இவருக்கு வாசல் எங்கே இருக்கிறது?

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை. சுருக்கமாக: கிட்டை அனுப்பாதீர்கள், மாற்று பாகம் மட்டும் வாங்குங்கள். உங்கள் பெயரும் அன்றைய தேதியும் எழுதிய சீட்டைப் பக்கத்தில் வைத்துப் படம் கேளுங்கள். வீடியோ காலில் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். பணம் கொடுத்து ஏமாந்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், சேவைக் குறைபாடு என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. நான் இரண்டிலும் பதிந்திருக்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவரிடமிருந்து மெசேஜ்: "அண்ணே, எங்கயும் போஸ்ட் போடாதீங்க, பேசித் தீர்த்துக்கலாம். 2,000 அனுப்புறேன்." இப்போது அண்ணனாகிவிட்டேன். 2,000 வேண்டாம். 14,600 வரட்டும், கிட்டுக்கான விலையும் வரட்டும். அதுவரை இந்தப் பதிவு இங்கேயேதான் இருக்கும்.