ஆன்டிபாடி வாங்குறீங்களா? ஸ்டிக்கரை உரிச்சுப் பாருங்க

கோவை, ஈரோடு பக்கம் லேப்புக்கு ஆன்டிபாடி (செல்லில் ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கிற புரதம்) ஆர்டர் போடப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

நாங்கள் தொப்புள்கொடியிலிருந்து மீசென்கைமல் ஸ்டெம் செல் (எலும்பு, கொழுப்பு போன்ற செல்களாக மாறக்கூடியது) வளர்க்கிறோம். வளர்ந்தது அந்தச் செல்தான் என்று காட்ட, சர்வதேச செல் சிகிச்சைச் சங்கம் 2006-இல் ஓர் அளவுகோல் வைத்தது. செல்லின் மேலிருக்கும் சிடி73, சிடி90, சிடி105 என்ற புரதங்கள் மூன்றும் குறைந்தது 95 சதவீதச் செல்களில் தெரிய வேண்டும். இதில் சிடி73 ஓர் என்சைம். செல்லின் வெளிப்பக்கம் ஒட்டிக்கொண்டு, ஏஎம்பி என்ற மூலக்கூறிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றி அடினோசின் ஆக்குகிறது. மனிதச் செல்லில் அதைப் பிடிக்கிற ஏடி2 குளோனை (குளோன் என்பது ஆன்டிபாடியின் ரகம்), ஒளிரும் பி.ஈ. சாயம் ஏற்றியதாக, 100 டெஸ்ட் குப்பி கேட்டிருந்தேன்.

மார்ச் கடைசி. 31-ஆம் தேதிக்குள் பில் போகாவிட்டால் புராஜெக்ட் பணம் திரும்பிவிடும். டீலரின் ஆள் தெர்மோகோல் பெட்டியோடு வந்தபோது, ஜெல் பேக் ஜில்லென்று இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பாதித் தப்பு என்னுடையது.

செல்களின் ஒளிர்வை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் சிடி90, சிடி105 அருமையாக வந்தன. சிடி73 மட்டும் ஐசோடைப் கன்ட்ரோல் (ஒப்பிடுவதற்காகப் போடும், சிடி73-ஐப் பிடிக்காத ஆன்டிபாடி) மேலேயே உட்கார்ந்திருந்தது. செல்லைத் தட்டிலிருந்து பிரிக்கிற டிரிப்சினில் அதிக நேரம் விட்டுவிட்டேனோ, செல்லே கெட்டுவிட்டதோ என்று இரண்டு பேட்ச் செல்களைக் கொட்டினேன். ஐந்து வாரம் போச்சு. கடைசியில் கைடு மேடம், "உன் ரத்தத்துலயே போட்டுப் பாரும்மா" என்றார். ரத்த வெள்ளையணுக்களான லிம்போசைட்டுகளில் ஒரு பகுதியாவது ஒளிர வேண்டும். ஒன்றுகூட அசையவில்லை. பக்கத்து லேப்பில் ஏடி2 கொஞ்சம் கடன் வாங்கிப் போட்டேன், உடனே கிராஃப் வலப்பக்கம், ஒளிர்வு கூடும் பக்கம், நகர்ந்தது.

அப்புறம்தான் குப்பியைச் சரியாகப் பார்த்தேன். கம்பெனி லேபிள் மேல் டீலரின் வெள்ளை ஸ்டிக்கர், 'ஹியூமன் சிடி73' என்று. எத்தனாலில் நனைத்து நகத்தால் உரித்தால், அடியில் மவுஸ் சிடி73, குளோன் டிஒய்/11.8. அது எலியின் என்சைமுக்கானது.

டீலருக்குப் போன் போட்டேன். "ஏனுங்க மேடம், கொட்டேஷன்ல மவுஸ்னு நீங்கதானுங்க கேட்டிருக்கீங்க?" நான் எழுதியது 'மவுஸ் ஆன்டி-ஹியூமன்'. எலியில் உண்டாக்கியது, மனிதச் செல்லைப் பிடிப்பது. பத்து நிமிடம் விளக்கினேன். "தொறந்த சரக்குங்க, திரும்ப எடுக்க மாட்டமுங்க" என்றார். சரி, வார்த்தைக் குழப்பம் என்றே வைத்துக்கொள்வோம். ஸ்டிக்கரில் ஹியூமன் என்று அச்சடித்தது எந்தக் குழப்பத்தில்?

38,000 ரூபாய் பில் ஏற்கெனவே பாஸாகிவிட்டது. இப்போதெல்லாம் ஆர்டரிலேயே குளோன் பெயரை எழுதிவிடுகிறேன். டீலரின் ஆளை நிறுத்திவைத்து, குப்பியின் லாட் எண்ணைக் கம்பெனி சான்றிதழோடு ஒப்பிட்ட பிறகே கையெழுத்து. ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் இருந்தால் பெட்டி அப்படியே திரும்பிப் போகும்.

அந்தக் குப்பி இன்னும் 4 டிகிரியில்தான் இருக்கிறது. எலிச் செல்லில் வேலை செய்கிறவர்கள் யாராவது இருந்தால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.