அபாச்சி கிளவுட்ஸ்டாக்: ஹோஸ்டிங் விற்பவர் கிளவுட் விற்க இது போதுமா?

கோலாலம்பூரில் ஹோஸ்டிங் தொழில் செய்யும் நம் ஆட்களில் பலர் இப்போது ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். ஷேர்டு ஹோஸ்டிங்கில், அதாவது ஒரே சர்வரைப் பலருக்குப் பங்குபோட்டு விற்பதில், முன்புபோல மிச்சம் இல்லை. 2019-இல், ஹோஸ்டிங் கணக்குகளை நிர்வகிக்கும் மென்பொருளான சிபேனல், கணக்குகளின் எண்ணிக்கையைப் பார்த்து விலை வைக்கத் தொடங்கியதும், மலிவு விலைக்கு ஆயிரக்கணக்கான கணக்குகளை ஒரே சர்வரில் அடுக்கியவர்களின் வரவு செலவே புரண்டுவிட்டது. 2023 நவம்பரில், ஒரே இயந்திரத்தில் பல மெய்நிகர் சர்வர்களை ஓட்டும் மென்பொருளை விற்கும் விஎம்வேர், பிராட்காம் நிறுவனத்தின் கைக்குப் போனது. அடுத்த மாதமே நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்திவிட்டார்கள். 2024 ஆகஸ்டில் அமேசான் மலேசியாவிலேயே கிளவுட் மண்டலம் (தரவு மையங்களின் தொகுதி) திறந்தது, 2025-இல் மைக்ரோசாஃப்டும் வந்துவிட்டது. இதற்கு நடுவில் "நாமும் கிளவுட் விற்கலாமே" என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் கிளவுட்ஸ்டாக்: நம் இயந்திரங்களைச் சேர்த்து, வாடிக்கையாளர் தானே சர்வர் எடுத்துக்கொள்ளும் கிளவுடாக ஆளும் மென்பொருள். சைபர்ஜெயாவில் எங்கள் ரேக்கில் (சர்வர் அடுக்கும் சட்டகம்) இதுதான் ஓடுகிறது. தினமும் இதன் முன்னால் உட்காரும் வேலை என்னுடையது, அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குறையும் அந்த ஒரு புள்ளி ஏன் என்பதையும் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் பேசிவிட வேண்டும். இங்கே கிளவுட் என்று விற்கப்படுவதில் பாதி, ஓர் இயந்திரத்தைப் பல மெய்நிகர் சர்வர்களாகப் பிரித்துத் தரும் பழைய விபிஎஸ்தான், பெயர் மட்டும் புதிது. வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் கேட்பார், நாம் கையால் ஒரு சர்வர் செய்து கொடுப்போம், மாதக் கட்டணம் வாங்குவோம். அது கிளவுட் இல்லை. ஜாலான் மஸ்ஜிட் இந்தியாவில் சேலைக்கடை வைத்திருக்கும் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் இதை எவரையும் விட நன்றாகக் கேட்டார்: "தம்பி, தீபாவளிக்கு முன்ன கொஞ்ச நாள்தான் எனக்குப் பெரிய சர்வர் வேணும், வருஷம் முழுக்க அதுக்கு எதுக்கு நான் காசு கட்டணும்?" அந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்ல முடிந்தால்தான் நாம் விற்பது கிளவுட். அந்த அக்கா தன் கணக்கில் தானே நுழைந்து, சர்வரை நிறுத்தி, பெரிய அளவுக்கு மாற்றி, மறுபடி ஓட்டிக்கொள்ள வேண்டும்; பெருநாள் முடிந்ததும் பழைய அளவுக்கு இறக்கிக்கொள்ள வேண்டும்; மாதக் கடைசியில் பில் அதற்கேற்ப வர வேண்டும். அளவு மாற்றுவதை நாம் யாரும் குறுக்கே வராமல் கிளவுட்ஸ்டாக் செய்துவிடுகிறது, பில்லுக்கான கணக்கையும் எழுதிவைக்கிறது.

2008-இல் விஎம்ஆப்ஸ் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனத்தின் சரக்கு இது. பிறகு அந்த நிறுவனம் கிளவுட்.காம் ஆகி, 2011-இல் சிட்ரிக்ஸ் அதை வாங்கி, 2012-இல் மென்பொருளை அபாச்சி அறக்கட்டளையிடம் கொடுத்தது. இப்போது உரிமக் கட்டணம் என்று ஒரு சென்னும் இல்லை. மெய்நிகர் சர்வர்களை ஓட்டும் கேவிஎம், விஎம்வேர், சென்சர்வர் மூன்றையும் ஆளும். புதிதாகத் தொடங்குபவர்கள் கேவிஎம்மிலேயே தொடங்குங்கள். விஎம்வேரிலிருந்து வெளியே வர நினைப்பவர்களுக்கு 4.19 பதிப்பிலிருந்து, விஎம்வேரில் இருக்கும் சர்வரை கேவிஎம்முக்கு மாற்றிக் கொண்டுவரும் வழியும் உள்ளேயே இருக்கிறது. வாடிக்கையாளரை ராத்திரி எழுப்பாமல் மாற முடியாது, சர்வரைக் கொஞ்ச நேரம் நிறுத்தத்தான் வேண்டும், ஆனாலும் பாதை இருக்கிறது.

இதே வேலையைச் செய்யும் ஓபன்ஸ்டாக் ஏன் இல்லை என்று கேட்பார்கள். 2010-இல் நாசாவும் ரேக்ஸ்பேஸும் சேர்ந்து ஆரம்பித்தது அது, பெரிய ஆட்களுக்கு மிக நல்ல சரக்கு. ஆனால் நோவா, நியூட்ரான், கீஸ்டோன், சிண்டர், கிளான்ஸ் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனிச் சேவை. ஒன்று இருமினால் இன்னொன்றுக்குக் காய்ச்சல் வரும். அதைப் பார்த்துக்கொள்ளவே ஒரு குழு வேண்டும், சின்ன ஹோஸ்டிங் நிறுவனத்தில் அந்தக் குழு கிடையாது. ப்ராக்ஸ்மாக்ஸ் இன்னொரு முனை. சர்வர்களைப் பிரித்து ஓட்ட அருமையானது, எனக்கும் பிடிக்கும். ஆனால் யார் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்று அளப்பதும், நம்மிடம் வாங்கி விற்கும் ரீசெல்லருக்குக் கீழே அவருடைய வாடிக்கையாளர்களை அடுக்குவதும் அதோடு வருவதில்லை, வேறெங்காவது வாங்கி ஒட்ட வேண்டும். கிளவுட்ஸ்டாக் நடுவில் நிற்கிறது: ஒரு மேலாண்மை சர்வர், ஒரு மைஎஸ்கியூஎல் தரவுத்தளம், கீழே மெய்நிகர் சர்வர்கள் ஓடும் இயந்திரங்களான ஹோஸ்டுகள், இவ்வளவுதான் எலும்புக்கூடு. லினக்ஸும் நெட்வொர்க்கும் தெரிந்த இரண்டு மூன்று பேர் இதைக் கட்டி ஆளலாம்.

நான் இதை விரும்புவதற்குப் பெரிய காரணம் இதன் பயன்பாட்டுக் கணக்கு. யூசேஜ் சர்வர் என்று தனியாக ஒன்று ஓடி, ஒவ்வொரு வளத்துக்கும் பதிவு எழுதும். சர்வர் ஓடிக்கொண்டிருந்த மணிநேரம் ஒரு வகை, ஒதுக்கி வைத்திருந்த மணிநேரம் இன்னொரு வகை. டிஸ்க், ஐபி முகவரி, ஸ்நாப்ஷாட், நெட்வொர்க் போக்குவரத்து எல்லாம் தனித்தனி. இந்தப் பிரிவு சும்மா இல்லை, நம் விலைக் கொள்கையே இதில்தான் இருக்கிறது. வாடிக்கையாளர் சர்வரை நிறுத்தி வைத்தால் ராமும் (நினைவகம்) கோரும் (செயலி) நமக்குத் திரும்பிவிடும், அதற்குக் காசு வாங்குவது நியாயமில்லை. ஆனால் டிஸ்க்கும் ஐபியும் அவர் பெயரிலேயே இருக்கின்றன, அதற்கு வாங்கலாம். செந்தூலில் டியூஷன் சென்டர் நடத்தும் ஒருவர் பள்ளி விடுமுறையில் தன் தேர்வு சர்வரை நிறுத்திவிடுவார்; அந்த மாத பில் குறைந்து வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் தன் மற்ற சர்வர்களையும் எங்களிடம் கொண்டுவந்தார்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, கட்டாயம் கவனியுங்கள். கணக்குப் போடும் நேர மண்டலம் இயல்பாக ஜிஎம்டியில் இருக்கும். அங்கே நள்ளிரவு என்றால் இங்கே காலை 8 மணி. மாற்றாமல் விட்டால் உங்கள் மாதம் முதல் தேதி காலை 8 மணிக்குத்தான் பிறக்கும், 31-ஆம் தேதி இரவு சர்வரை அழித்தவருக்கும் முதல் தேதி விடிகாலையில் அழித்தவருக்கும் ஒரே மாதத்தில் பில் விழும். உலகளாவிய அமைப்புகள் பக்கத்தில் யூசேஜ் என்று தேடினால் அந்த வரி வரும், கோலாலம்பூர் நேரத்துக்கு மாற்றிவிட்டுத்தான் முதல் வாடிக்கையாளரை உள்ளே விட வேண்டும்.

சரி, ஆனால் இந்தக் கணக்கு வெறும் மணிநேரமும் ஜிபியும்தான். வெள்ளிக் கணக்கில் இன்வாய்ஸாக வராது. கோட்டா என்ற ஒரு வசதி அளவை விலையாக மாற்றித் தரும், ஆனாலும் இன்வாய்ஸ் அடிப்பது, சேவை வரிக்குப் பதிந்தவர் என்றால் 2024 மார்ச் முதல் இருக்கும் 8 விழுக்காட்டைச் சேர்ப்பது, வருமான வரி வாரியத்தின் இ-இன்வாய்ஸுக்கு அனுப்புவது, கட்டாதவரை நிறுத்தி வைப்பது, இதெல்லாம் வேறு மென்பொருளின் வேலை. நம்மில் பெரும்பாலோர் பில் போடும் மென்பொருளான டபிள்யூஎச்எம்சிஎஸ் வைத்திருக்கிறோம், அதோடு இணைக்கும் தொகுப்புகள் வெளியார் விற்கிறார்கள். வாங்கி ஒட்டினாலும் உங்கள் விலை முறைக்கு அது ஒத்துப்போகிறதா என்று உட்கார்ந்து சோதிக்க வேண்டும். நான் பிடித்துவைத்த ஒரு புள்ளி இதற்காகத்தான். ஹோஸ்டிங் நிறுவனம் கிளவுட் நிறுவனமாக மாறும்போது அதிக வேலை பிடிப்பது சர்வர் கட்டுவதில் இல்லை, இந்த பில் கட்டுவதில்தான்.

ரீசெல்லர் விஷயத்தில் முழு மதிப்பெண். டொமைன் (இங்கே இணைய முகவரி இல்லை, கணக்குகளின் பிரிவு), அதற்குள் துணை டொமைன், அதற்குள் கணக்குகள் என்று மரம்போல அடுக்கலாம். கிள்ளானில் இணையத்தளம் செய்து கொடுக்கும் ஒருவருக்கு ஒரு டொமைன் கொடுத்து, இத்தனை கோர், இத்தனை ராம், இத்தனை ஐபி என்று வரம்பு போட்டுவிட்டால், அவர் தன் வாடிக்கையாளர்களைத் தானே சேர்ப்பார், நிர்வகிப்பார், நம் மற்ற ஆட்களை அவரால் பார்க்கக்கூட முடியாது. முகப்பின் லோகோவையும் நிறத்தையும் ஒரு கோப்பில் மாற்றலாம். 2021-இல் 4.15 பதிப்போடு இயல்பாக வந்த புதிய முகப்பு சுத்தமாக இருக்கிறது, வாடிக்கையாளருக்கு அரை மணிநேரம் காட்டினால் போதும், பிறகு கூப்பிடுவதில்லை.

அப்புறம் ஐபி முகவரி. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தனிமைப்படுத்திய நெட்வொர்க் ஒன்றை வாடிக்கையாளர் உருவாக்கினால், அவருக்கென்று ஒரு மெய்நிகர் ரௌட்டர் எழும். டிஎச்சிபி, ஃபயர்வால், லோடு பேலன்சர், விபிஎன் எல்லாம் அதுவே பார்க்கும், மிக நல்ல வசதி. ஆனால் வெளியே போக அதற்கு ஒரு பொது ஐபி வேண்டும். 2019 முதல், ஆசியா பசிபிக்கில் ஐபி முகவரி ஒதுக்கும் ஏப்நிக்கில் புதிதாகச் சேரும் உறுப்பினருக்கு அதிகபட்சம் 512 ஐபிவி4 முகவரிகள்தான். ஐந்து வெள்ளிக்கும் பத்து வெள்ளிக்கும் விற்கும் சின்னத் திட்டங்களுக்கெல்லாம் தனி ரௌட்டர் கொடுத்தால் முகவரி சீக்கிரம் தீர்ந்துபோகும். ஆகவே சின்ன ஆட்களைப் பகிர்ந்த நெட்வொர்க்கில் வைத்து, தனி நெட்வொர்க்கைப் பெரிய திட்டங்களுக்கு மட்டும் விற்பதுதான் சரி. அந்த ரௌட்டர் ஒற்றையாக இருந்தால் அது விழும்போது வாடிக்கையாளரின் எல்லாமே விழும், பதிப்பு ஏற்றும்போது அதை மறுபடி தொடக்க வேண்டியும் வரும். இரட்டை ரௌட்டர் தேர்வு இருக்கிறது, தொழில் நடத்தும் வாடிக்கையாளருக்கு அதையே கொடுங்கள்.

சேமிப்புக்கு, பல ஹோஸ்டுகளின் டிஸ்க்குகளில் பிரதி எடுத்து வைக்கும் செஃப் என்ற மென்பொருளைப் போடுவார்கள், நாங்களும் அதுதான். கடையில் எழுதியிருக்கும் டெராபைட்டைப் பார்த்து விலை வைக்காதீர்கள். மூன்று பிரதி வைத்தால் 24 டெராபைட் 8 ஆகிவிடும், 85 விழுக்காடு நிரம்பியதும் செஃப் எச்சரிக்கை கொடுக்கத் தொடங்கும், ஆக நீங்கள் நிம்மதியாக விற்கக்கூடியது சுமார் 6.8. மூன்று ஹோஸ்டில் ஆரம்பிக்கலாம்தான், ஆனால் ஒன்று போனால் மூன்றாவது பிரதியை எழுத வேறு இடம் இருக்காது. நான்காவது ஹோஸ்ட் வரும்வரை எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. ராமையும் அப்படித்தான் பார்க்க வேண்டும், ஒரு ஹோஸ்ட் விழுந்தால் மற்றவை தாங்கும் அளவுக்கு எப்போதும் காலியாக இருக்க வேண்டும். கோரை ஓரளவு மிகையாக விற்கலாம், ராமை அப்படி விற்காதீர்கள்.

பேக்கப் முன்பு இதன் பலவீனம். 4.20-இல் கேவிஎம் சர்வர்களுக்கு என்எஃப்எஸ் போன்ற பொதுவான சேமிப்பிலேயே பேக்கப் எடுக்கும் வழி வந்தபிறகு பரவாயில்லை. விண்டோஸ் வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்டின் சேவை வழங்குநர் உரிமம் தனியே எடுக்க வேண்டும், மாதாமாதம் பயன்பாட்டைச் சொல்லிக் கட்ட வேண்டும். இங்கே கணக்கர்களிடம் எஸ்கியூஎல் அக்கவுண்ட், ஆட்டோகவுண்ட் என்ற கணக்கு மென்பொருள்கள் அதிகம், இரண்டுக்கும் விண்டோஸ் வேண்டும். அந்த வாடிக்கையாளர்கள் வேண்டுமானால் அந்தச் செலவைத் தவிர்க்க முடியாது.

அமேசானோடு விலையில் மோதுவதை விட்டுவிடுங்கள். அவர்கள் விலைப்பட்டியல் டாலரில் இருக்கிறது, மாதம் 100 ஜிபிக்கு மேல் வெளியே போகும் தரவுக்கு ஜிபி கணக்கில் வாங்குகிறார்கள். பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் ஒரு கணக்கர் அலுவலகத்துக்கு அந்த பில்லைப் படித்துப் புரிந்துகொள்வதே ஒரு வேலை. நாம் வெள்ளியில் விலை சொல்லலாம், உள்நாட்டுப் போக்குவரத்து, நாட்டின் இணையப் பரிமாற்ற மையமான மைஐஎக்ஸ் வழியாகப் போவதால் தரவுக்கு ஒரே கட்டணமாகவும் வைக்கலாம், தொலைபேசி எடுத்தால் தமிழிலோ மலாயிலோ ஓர் ஆள் பதில் சொல்லலாம். 2025-இல் நடப்புக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத் திருத்தங்களுக்குப் பிறகு தரவு எங்கே இருக்கிறது, கசிந்தால் யார் தெரிவிப்பது என்று கிளினிக்குகள்கூடக் கேட்கின்றன. எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று நாம் காட்ட முடியும். அந்தச் சட்டம் நம்மையும் பிடிக்கும், பாதுகாப்புக் கடமை இப்போது தரவைக் கையாளும் நிறுவனத்துக்கும் நேரடியாக இருக்கிறது. 2022 முதல் கிளவுட் சேவைக்கு தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்சிஎம்சியின் வகுப்பு உரிமமும் வேண்டும், அதை எடுக்காமல் விளம்பரம் போடாதீர்கள்.

கையில் ரேக் இல்லை, ஆளும் இரண்டு பேர்தான் என்றால் சொந்தமாகக் கட்ட அவசரப்பட வேண்டாம். ஏற்கெனவே கிளவுட்ஸ்டாக் ஓட்டும் ஒருவரிடம் ஒரு டொமைன் வாங்கி, உங்கள் லோகோவைப் போட்டு விற்றுப் பாருங்கள். அந்த டொமைன் நிரம்பி, மாதாமாதம் அவருக்குக் கட்டும் தொகை நான்கு சர்வருக்கான தவணையைத் தாண்டும்போது சைபர்ஜெயாவில் அரை ரேக் கேட்டுப் போகலாம்.