378 × 246: திண்ணையில் மோதிக்கொள்ளும் நாலு முறைகள்

கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் என் வீட்டுத் திண்ணைக்குச் சாயங்காலம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகள் மூன்று வகை. கேரளப் பாடத்திட்டத்தைத் தமிழில் படிப்பவர்கள், அதையே மலையாளத்தில் படிப்பவர்கள், எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் இங்கிலீஷ் மீடியத்துக்கு வேன் ஏறுபவர்கள். ஒருவன் பெருக்கல் என்பான், இன்னொருவன் குணனம் என்பான். வாய்ப்பாட்டில் தகராறு இல்லை. ஏழெட்டு ஐம்பத்தாறு மலையாளத்திலும் ஏழெட்டு அம்பத்தாறுதான். மூன்று இலக்க எண்ணை மூன்று இலக்க எண்ணால் பெருக்கச் சொன்னால்தான் கலகம். ஆளுக்கொரு முறையில் போடுவார்கள், தன் முறைதான் ஒசத்தி என்பார்கள்.

பெற்றோர் கேட்பது எது வேகம் என்று. நான் பார்ப்பது வேறு: விடை தப்பாக வந்தால், தப்பு எந்த இடத்தில் நடந்தது என்று பிள்ளையே விரல் வைத்துக் காட்ட முடிகிறதா?

ஒரே கணக்கை எல்லா முறையிலும் போட்டுப் பார்ப்போம். வேலந்தாவளம் சந்தையில் பெட்டி 378 ரூபாய் வீதம் 246 பெட்டி தக்காளி விற்றால் எவ்வளவு? எந்த முறையானாலும் முதலில் உத்தேசக் கணக்கு: 400 × 250 என்றால் ஒரு லட்சம். இரண்டையும் ஏற்றிப் பிடித்திருக்கிறோம், அதனால் விடை லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். தக்காளி ஏற்றுகிற அப்பாக்கள் இதை மனசிலேயே போட்டுவிடுவார்கள். பிள்ளைகள் செய்யமாட்டார்கள், நோட்டில் அதற்கு மார்க் இல்லையே.

நம் எல்லோருக்கும் தெரிந்தது வரிவரியாகப் போடுவது.

378
× 246
———
2268
1512×
756××
———
92988

இடம் குறைவு, வேகம் அதிகம், பரீட்சையில் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். ஆனால் இரண்டாம் வரியின் கடைசியில் போடுகிற அந்த × குறி எதற்கு என்று கேட்டால் பத்தில் எட்டுப் பிள்ளைகள் "அப்படித்தான் போடணும்" என்பார்கள். அங்கேதான் வினையே. ஒரு பையன் 307 × 46 போட்டான். முதல் வரி 1842, இரண்டாம் வரி 1228. குறியை மறந்து நேருக்கு நேர் எழுதிக் கூட்டினான், 3070 வந்தது. "கூட்டல் சரிதானுங்க டீச்சர்" என்றான். கூட்டல் சரிதான். அந்த விடையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், 307-ஐப் பத்தால் பெருக்கினால் வருவது அது. இடம் தள்ளாமல் எழுதியதால் 46 வெறும் 6-ம் 4-மாகிவிட்டது. ஆறும் நாலும் பத்து! சரியான விடை 14,122. 300 × 50 என்று உத்தேசமாகப் போட்டிருந்தால் 15,000 வந்திருக்கும், 3070-ஐப் பார்த்ததுமே அவனுக்கே உறைத்திருக்கும்.

நடுவில் சைபர் வந்தால் இன்னொரு வேடிக்கை. 428 × 305-க்குச் சைபர் வரியை விட்டுவிட்டு, 3-க்கான வரியை ஒரே இடம் தள்ளி எழுதுவார்கள். 14,980 வரும். அது 428 × 35. வர வேண்டியது 1,30,540. அப்புறம் மேலே எழுதுகிற மிச்ச எண்கள். முதல் வரிக்குப் போட்ட மிச்சம் அழியாமல் இருக்க, இரண்டாம் வரிக்கானதும் அதன் தலையிலேயே ஏறும், பிள்ளை பழையதை எடுத்துக் கூட்டிவிடும். ஒரு வரி முடிந்ததும் மிச்சத்தைக் குறுக்கே அடி என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

அடுத்தது கட்டம் பிரித்துப் போடுவது. எண்களை உடைத்துக்கொள்ள வேண்டும்.

| | 200 | 40 | 6 |
|---|---|---|---|
| 300 | 60000 | 12000 | 1800 |
| 70 | 14000 | 2800 | 420 |
| 8 | 1600 | 320 | 48 |

ஒன்பதையும் கூட்டினால் 92,988. இதில் 2 என்பது 2 இல்லை, 200 என்பது கண்ணெதிரே நிற்கிறது. தப்பும் ஒளிய முடியாது. 300 × 200-க்கு 6000 என்று ஒரு சைபரைத் தின்றிருந்தால், பக்கத்துக் கட்டத்தில் 12000 இருப்பதைப் பார்த்துப் பிள்ளையே முழிக்கும். குறை என்று பார்த்தால் இடமும் நேரமும். நாலு இலக்கத்தை நாலு இலக்கத்தால் பெருக்க 16 கட்டம் வேண்டும், 16 எண்களைக் கூட்டுவதற்குள் விளையாட்டு நேரம் போய்விடும். என்னிடம் படித்த ஒரு பெண் இந்த முறையில் சரியான விடை எழுதியும், பள்ளியில் 'செய்முறை தவறு' என்று இரண்டு மார்க் குறைத்தார்கள். எந்தப் பள்ளி என்பது இருக்கட்டும். அதன் பிறகு பரீட்சைக்கு வரிவரி, புரிந்துகொள்ளக் கட்டம் என்று பிரித்துவிட்டேன்.

மூன்றாவது சன்னல் முறை. கட்டம் வரைந்து ஒவ்வொன்றிலும் சாய்கோடு போட்டு, பெருக்கி வருகிற எண்ணின் பத்தாம் இடத்தை மேலேயும் ஒன்றாம் இடத்தைக் கீழேயும் எழுதி, சாய்வாகக் கூட்டுவது. இத்தாலியின் ட்ரெவிசோவில் 1478-ல் அச்சான கணக்குப் புத்தகத்திலேயே இது இருக்கிறது. சன்னல் கிராதி மாதிரி இருப்பதால் அங்கேயும் அதே அர்த்தத்தில்தான் பெயர். பெருக்கும்போது மிச்சமே கிடையாது, கடைசியில் கூட்டும்போது மட்டும்தான். வாய்ப்பாடு நன்றாக வந்தும் மிச்சத்தில் தடுக்குகிற பிள்ளைக்கு இது மருந்து மாதிரி. ஆனால் சாய்கோட்டைத் திருப்பிப் போட்டால் எல்லாம் போச்சு. விடை வரும், ஏன் வந்தது என்று பிள்ளைக்குத் தெரியாது. இடமதிப்பைக் கோடு பார்த்துக்கொள்கிறது, பிள்ளை பார்ப்பதில்லை.

நாலாவது, அப்பாக்கள் வாட்ஸப்பில் அனுப்புகிற 'வேத கணிதம்'. "ஏனுங்க டீச்சர், இது ஒரே வரியில முடியுதாமா?" முடியும். 8 × 6 = 48, 8 போட்டு மிச்சம் 4. அடுத்து குறுக்காக 7 × 6, 8 × 4: 42-ம் 32-ம் 74, மிச்சத்தோடு 78, 8 போட்டு மிச்சம் 7. அடுத்து 3 × 6, 7 × 4, 8 × 2: 18 + 28 + 16 = 62, மிச்சம் 7 சேர்த்து 69. பிறகு 3 × 4, 7 × 2: 12 + 14 = 26, மிச்சம் 6, ஆக 32. கடைசியில் 3 × 2 = 6, மிச்சம் 3, ஆக 9. விடை 92988. இதைப் பரப்பிய பூரி சங்கராச்சாரியார் பாரதி கிருஷ்ண தீர்த்தர் திருநெல்வேலியில் பிறந்தவர். அவர் 1960-ல் காலமானார், நூல் 1965-ல் வந்தது. அதிலுள்ள சூத்திரங்கள் வேத நூல்களில் இல்லை என்று ஆய்வாளர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். அது கிடக்கட்டும், கணக்கு சரிதான். மேலே உள்ள கட்டத்தைச் சாய்வாகப் பாருங்கள்: 420-ம் 320-ம் 740, அதுதான் அந்த 74. 1800, 2800, 1600 சேர்ந்தால் 6200, அதுதான் 62. மந்திரம் எல்லாம் இல்லை. என் சங்கடம், நடுவில் 62-ஐ 61 என்று நினைத்துவிட்டால் காகிதத்தில் தடயமே இருக்காது. ஏழாம் வகுப்புக்குமேல் ஆசைப்படுகிறவர்களுக்குச் சொல்லித் தருவேன், நாலாம் வகுப்புக்கு மாட்டேன்.

ஆகவே என் திண்ணையில் கட்டம் முதலில், வரிவரி பிறகு. நடுவே ஒரு நாள் இரண்டையும் ஒரே பக்கத்தில் போட வைப்பேன். கட்டத்தை மேலிருந்து கீழாகக் கூட்டச் சொல்வேன். 6-க்குக் கீழே 2268. 40-க்குக் கீழே 15120. 200-க்குக் கீழே 75600. போன வாரம் அந்த 3070 பையன்தான் இதைப் போட்டான். 15120-ஐயும் பக்கத்தில் இருந்த 1512×-ஐயும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்ப அந்தக் குறி இருக்கற எடத்துல நெசமாவே சைபர்தானுங்களா டீச்சர்?"

இப்போது அவன் × போடுவதில்லை, சைபர் போடுகிறான். பக்கத்தில் உட்காருகிறவன் மட்டும் இன்னும் × தான். விடை சரியாக வருகிறது, நானும் ஒன்றும் சொல்வதில்லை.