கடைசி ஆளுக்கு யார் துணை? சென்னையில் சைக்கிள் குழு தேர்ந்தெடுப்பது

சனி, ஞாயிறு விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஓரம் நின்றால் மூன்று வகைக் கூட்டம் கடந்து போகும். ஹைப்ரிட், எம்.டி.பி. (மலைப்பாதை சைக்கிள்), கியர் இல்லாத சைக்கிள் என்று கலவையாக, பேசிக்கொண்டே போகிறவர்கள் ஏரியா குழுக்காரர்கள். டபிள்யூ.சி.சி.ஜி. (வீ ஆர் சென்னை சைக்கிளிங் குரூப்) போன்ற அமைப்புகள் பகுதிவாரியாகக் கிளை வைத்து நடத்துவது இந்த வகை. ஒருவர் பின்சக்கரத்தை ஒருவர் ஒட்டி, வாய் திறக்காமல், மணிக்கு 32, 35 கி.மீ. வேகத்தில் சீறிப் போவது பயிற்சிக் கூட்டம். முதுகில் ஒளிரும் மேலங்கி, முன்னால் பை, முகத்தில் அவசரமே இல்லை என்றால் பிரெவே, அதாவது நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ரைடு, ஓட்டுகிறவர்கள். இங்கே மெட்ராஸ் ராண்டனர்ஸ் நடத்துவது. புதிதாகச் சைக்கிள் வாங்கியவர் இந்த மூன்றில் எதில் சேர்வது?

எங்கள் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: ஏரியா குழு. காரணம் ஒன்றே ஒன்று, அதைத்தான் கீழே நீட்டி எழுதப்போகிறோம். ஹெல்மெட் கட்டாயம், சந்தா பெரும்பாலும் இல்லை, வாட்ஸப்பில் முந்தின இரவு இடமும் நேரமும் வரும் என்பதெல்லாம் விசாரித்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பயிற்சிக் கூட்டத்தில் லாபம் உண்மையானது. சமதரையில் 30 தாண்டிவிட்டால் மிதிக்கிற பலத்தில் பெரும்பகுதி காற்றைக் கிழிக்கவே போகிறது. முன்னால் போகிறவரின் நிழலில் அரை மீட்டர் இடைவெளியில் ஒட்டினால் அந்தச் சுமை கணிசமாகக் குறையும். தனியாக 27-க்கு மேல் போக முடியாதவர் கூட்டத்தில் 31 போவது இப்படித்தான். ஆனால் அந்த நிழலை விட்டு ஐந்து மீட்டர் பின்தங்கினால் அன்றைய ரைடு அத்தோடு முடிந்தது. மீண்டும் ஒட்டிக்கொள்ள, அவர்களைவிட வேகமாக, தனியாக, முழுக் காற்றையும் வாங்கிக்கொண்டு மிதிக்க வேண்டும்.

இதில் பஞ்சர் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பழகியவருக்குப் பின்சக்கர ட்யூப் மாற்றப் பத்து நிமிடம், புதியவருக்கு இருபது. 30-இல் போகும் குழு இருபது நிமிடத்தில் 10 கி.மீ. தள்ளிப் போயிருக்கும். நீங்கள் 33-இல் துரத்தினாலும் மணிக்கு 3 கி.மீ.தான் நெருங்குவீர்கள். எட்டிப்பிடிக்க மூன்று மணி இருபது நிமிடம். அதாவது பிடிக்கப்போவதில்லை. அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று பொருளில்லை. அந்த ரைடின் நோக்கமே வேறு, நிற்க மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லியும் விடுகிறார்கள்.

பிரெவே இன்னும் நேர்மையானது. 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27, 600-க்கு 40. சாப்பாடு, பஞ்சர், தூக்கம் எல்லாம் இதற்குள்தான். சராசரி மணிக்கு 15 கி.மீ. என்பதால் வேகம் ஒரு பிரச்சினையே இல்லை. நவம்பரில் தொடங்கி அடுத்த அக்டோபரில் முடியும் பருவத்துக்குள் நான்கு தூரத்தையும் முடித்தால் சூப்பர் ராண்டனர் என்ற பட்டம். ஆனால் விதியின் அடிப்படை, உன் பாட்டை நீயே பார்த்துக்கொள் என்பது. வழியில் யாராவது உதவினால் அது அவர் நல்ல மனசு. வழியில் குறித்த இடங்களில் அட்டையில் முத்திரை வாங்கிக்கொண்டு போய்க்கொண்டே இருக்க வேண்டும். ட்யூப் மாற்றத் தெரியாதவர் முதல் ரைடாக இதை எடுக்கக் கூடாது. ஆறு மாதம் ஏரியா குழுவில் ஓட்டிவிட்டு 200-க்குப் பதிவு செய்வதுதான் வழக்கமான படி. அந்த வரிசையை மாற்ற நல்ல காரணம் எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை.

இப்போது அந்த ஒரே காரணம். ஏரியா குழுக்கள் ‘நோ டிராப்’ என்று அறிவிக்கின்றன, யாரையும் விட்டுவிட்டுப் போக மாட்டோம் என்று. அறிவிப்பது சுலபம். அது உண்மையா என்பதைக் குழுவின் முன்வரிசையைப் பார்த்துச் சொல்ல முடியாது. கடைசியில் வருகிற ‘ஸ்வீப்’பைப் பார்க்க வேண்டும்.

ஸ்வீப்பின் வேலை எளிமையாகத் தெரியும்: மிக மெதுவாக வருகிறவருக்கும் பின்னால் வருவது, எந்தக் காரணத்துக்காகவும் அவரைத் தாண்டாமல் இருப்பது. ஓட்டிப் பார்த்தால்தான் கஷ்டம் புரியும். ஸ்வீப்பாக வருகிறவர் பொதுவாக நல்ல ஓட்டுநர். 17 வேகத்தில் இரண்டு மணி நேரம் போவது அவருக்குக் கால் கட்டிய மாதிரி. பேச்சுச் சுவாரசியத்தில் இரண்டு பேரைத் தாண்டி முன்னே போய்விடுவார். அந்த நிமிடத்திலிருந்து குழுவுக்கு ஸ்வீப் கிடையாது, ஆனால் இருப்பதாக எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பார்கள். இல்லவே இல்லாததைவிட இது மோசம்.

ஒழுங்கான குழுவில் புறப்படும்போது தலை எண்ணுவார்கள். எண்ணிக்கை, முன்னால் போய் வழிநடத்துகிற லீடிடமும் ஸ்வீப்பிடமும் இருக்கும். ஸ்வீப்பின் செல்பேசி எண் எல்லோருக்கும் போகும். அக்கரை, முட்டுக்காடு என்று 8, 10 கி.மீ.க்கு ஓரிடத்தில் நின்று மறுபடி எண்ணுவார்கள். பதினைந்து பேருக்கு மேல் போனால் இரண்டு ஸ்வீப் வேண்டும். ஒரு பஞ்சர் விழுந்தால் ஒரு ஸ்வீப் அங்கேயே மாட்டிக்கொள்வார். ஒருவர் மட்டும் என்றால், அடுத்து பின்தங்குகிறவருக்கு ஆள் இருக்காது.

நிற்கும் இடத்தில்தான் பல குழுக்கள் சறுக்குகின்றன. முன்னால் வந்தவர்கள் பத்து நிமிடம் இளைப்பாறித் தண்ணீர் குடித்துப் படம் எடுத்து முடிப்பார்கள். கடைசி ஆள் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும் ‘எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாம்’ என்று லீட் கையைத் தூக்குவார். அதிகம் ஓய்வு தேவைப்பட்டவருக்கு ஓய்வே கிடைக்காது. மூன்றாவது நிறுத்தத்தில் அவர் கால் இழுத்துக்கொள்ளும். கடைசி ஆள் வந்த பிறகு கடிகாரம் பார்த்து ஐந்து நிமிடம் என்று ஒரு குழு வைத்திருந்தால், கண்ணை மூடிக்கொண்டு அதில் சேரலாம்.

இன்னொன்று சிக்னல். பச்சை விழுந்ததும் லீட் வழக்கமான வேகத்துக்குத் தாவினால், இருபதாவது ஆள் சிக்னலைத் தாண்டும்போது முன்வரிசை நூறு மீட்டர் போயிருக்கும். வால் பகுதி ஒவ்வொரு சிக்னலுக்கும் ஓடிப் பிடிக்க வேண்டும். குழு ரப்பர் பேண்டு போல நீண்டு சுருங்கும். முன்னால் 20-இல் சுகமாகப் போகிறவருக்கு, பின்னால் 28-க்கும் 14-க்கும் இடையே இழுபறி நடப்பது தெரியாது. பின்னாலிருந்து ‘கிளியர்’ குரல் வரும்வரை லீட் இலேசாக மிதிப்பதுதான் மருந்து.

ஈ.சி.ஆரில் இதைச் சோதிக்கச் சிறந்த காலம் நவம்பர் முதல் ஜனவரி வரை. வடகிழக்குக் காற்று, சாலையோ வடக்கு தெற்கு. திருவான்மியூரிலிருந்து தெற்கே போகும்போது காற்று முதுகைத் தள்ளும். புதியவர்கள் 26-இல் பறந்துகொண்டு ‘நமக்கு இவ்வளவு தெம்பா’ என்று வியப்பார்கள். முட்டுக்காட்டில் திரும்பியதும் அதே கால் 16-க்கு இறங்கும். போய் வர ஏறக்குறைய 45 கி.மீ. என்றால் வலி முழுவதும் பின்பாதியில்தான். லீட் விவரமானவராக இருந்தால் போகும்போதே வேகத்தைக் கட்டி வைப்பார். திரும்பும்போது குழு மூன்று துண்டாகிறது, கடைசித் துண்டில் ஸ்வீப் இல்லை என்றால் அடுத்த வாரம் வேறு குழு பாருங்கள்.

சேருமுன் கேட்க வேண்டிய கேள்வி, ‘நாளைக்கு ஸ்வீப் யார்?’ பெயர் உடனே வந்தால் நல்லது. ‘யாராவது வருவாங்க’ என்றால் யாரும் வர மாட்டார்கள். இரண்டாவது, சொல்கிற வேகம் சராசரியா, ஓட்ட வேகமா? ரைடைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியில் சராசரி 22 வர வேண்டுமென்றால் திறந்த சாலையில் 25, 26 போயாக வேண்டும். வேகத்தடை, சிக்னல், யூ-டர்ன் மீதியைத் தின்றுவிடும். நிற்காமல் ஒரு மணி நேரத்தில் தனியாக 18, 20 கி.மீ. போக முடிகிறவருக்கு ஏரியா குழுவின் 35 கி.மீ. ரைடு சரியாக இருக்கும்.

புறப்படும் இடம் வீட்டிலிருந்து ஐந்து கி.மீ.க்குள் இருக்கட்டும். பன்னிரண்டு கி.மீ. தள்ளி இருந்தால் நாலரைக்கே கிளம்ப வேண்டும், அந்த நேரத்தில் தெரு முழுக்க நாய்களின் ஆட்சி. துரத்தினால் வேகமெடுப்பதைவிட, இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நடப்பது மேல். ஓடுவது நின்றால் பெரும்பாலான நாய்களுக்கு ஆர்வம் போய்விடும்.

ஏரியா குழுவுக்குக் குறைகள் இல்லையா? உண்டு. ஒரு வருடத்தில் உங்கள் வேகம் கூடிவிட்டால் சலிப்பு வரும். காலை டிபனுக்கு நிற்கும் நேரம் மிதிக்கும் நேரத்தோடு போட்டி போடும், 45 கி.மீ. ரைடு என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பொங்கல், வடை, இரண்டாவது காபி முடித்துப் பத்து மணிக்கு வந்தால் மறுவாரம் அனுமதி கேட்பது கஷ்டம். ஒழுங்கில்லாத வரிசையில் விழுவதும் இங்கே நடக்கும். உங்கள் முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழைந்திருக்கும்போது அவர் ஒரு குழிக்காக விலகினால், இரண்டும் உரசி விழுவது நீங்கள்தான். அவருக்கு ஒன்றும் ஆகாது. ஒரு சைக்கிள் நீளம் விட்டு, அவர் டயரைப் பார்க்காமல் தோளைத் தாண்டிச் சாலையைப் பாருங்கள். பின்விளக்கைக் குழுவுக்குள் மினுக்க விடாமல் நிலையாக எரிய விடுங்கள். பின்னால் வருகிறவர் கண்ணுக்கு அது தண்டனை.

இதெல்லாம் சமவெளிக் கணக்கு. ஏலகிரி, கொல்லிமலை என்று ஏறப் போகும் குழுவில் ஏற்றத்தில் எல்லோரும் தனித்தனிதான். அங்கே ஸ்வீப் எவ்வளவு பயன்படுவார் என்று இதே உறுதியோடு சொல்ல மாட்டோம். இறங்குமுன் பிரேக் சோதித்துத் தருகிற குழுவா என்பது அங்கே முக்கியமாகலாம்.

நோ டிராப் குழுவானாலும் பையில் உங்கள் அளவு ட்யூப் உங்களுடையதாக இருக்க வேண்டும். ஸ்வீப் பையில் இருப்பது அநேகமாக 700x28 அளவு, மெல்லிய பிரெஸ்டா வால்வு. உங்கள் எம்.டி.பி. 26x1.95, மோட்டார் பைக்கில் இருப்பது போன்ற தடித்த வால்வு என்றால் அவர் பக்கத்தில் நின்று ஆறுதல் சொல்லலாம், அவ்வளவே. ட்யூப் ஒன்று, டயர் லீவர் இரண்டு, கைப்பம்பு, 4, 5, 6 எம்.எம். ஆலன் கீ போதும். பஞ்சர் கடை ஐந்தரை மணிக்குத் திறந்திருக்காது. திறந்திருந்தாலும் பிரெஸ்டாவுக்கு அடாப்டர் இல்லாமல் காற்றுப் பிடிக்க முடியாது. புது ட்யூப் போடுமுன் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாக ஒரு சுற்றுத் தடவுங்கள். சீமைக்கருவேல முள்ளோ, வெடித்த லாரி டயரின் மெல்லிய கம்பியோ அங்கேயேதான் குத்திக்கொண்டிருக்கும். எடுக்காமல் மாட்டினால் அடுத்த இரண்டு கி.மீ.யில் ஸ்வீப் மறுபடி உங்களோடு நிற்பார். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால் முள்ளைத் தேட வேண்டாம். காற்றுக் குறைவாக வைத்துக் குழியில் இறக்கியிருக்கிறீர்கள்.