பெட்டிக்கடையா, பலசரக்குக் கடையா? கடலோரத் தெருவின் பழைய கணக்கு

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ராமநாதபுரத்தின் பட்டணங்காத்தான், பாரதி நகர் பக்கமோ, மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம் தெருக்களிலோ வளர்ந்தவர்கள் பழைய கடைகளைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், பேச்சு தேன் மிட்டாயில் தொடங்கி கோலி சோடாவில் நின்றுவிடும். பத்து வயதுப் பிள்ளைக்குக் கடை என்றால் அவ்வளவுதான். கடையைத் தாங்கியதோ வீடுகளின் அடுப்படிச் செலவு. அநேகமாக எல்லா வீட்டுக்கும் இரண்டு கடை உண்டு: தெருமுக்கில் ஒரு பெட்டிக்கடை, பஜாரில் ஒரு பலசரக்குக் கடை. எதை எங்கே வாங்குவது என்பது வீட்டுப் பெண்களுக்கு மனப்பாடம். அந்தக் கணக்கில் எந்தக் கடை எதில் ஜெயித்தது, இன்றைய சூப்பர் மார்க்கெட் அதில் எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம்.

பெட்டிக்கடை என்பது நிஜமாகவே ஒரு மரப்பெட்டி. நாலு கல்லின் மேல் நிற்கும். முன்பலகையைத் தூக்கிக் கம்பு கொடுத்தால் நிழல், கீழ்ப்பலகையை இறக்கினால் சாமான் வைக்கும் மேடை. மூடினால் ஒரே பூட்டு. தகரக் கூரை போட்டால் உப்புக்காற்று ஆணித் துளையிலிருந்து அரிக்கத் தொடங்கிவிடும் என்பதால் விவரம் தெரிந்தவர்கள் மேலே பனையோலையே வேய்ந்தார்கள். தென்னங்கிடுகை வருஷா வருஷம் மாற்ற வேண்டியிருக்கும். பனையோலை இரண்டு மூன்று வருஷம் தாங்கும். உள்ளே ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் எல்லாச் சரக்கும் கைக்கு எட்டும். வாழைத்தார், பீடிக்கட்டு, பற்ற வைக்கத் தொங்கும் கயிறு, மிட்டாய் பாட்டில்கள். அவற்றோடு சீரகம், கடுகு, மஞ்சள்தூள், எண்ணெய், அப்பளம் கொஞ்சம் கொஞ்சம்.

பலசரக்குக் கடைக்கு ஊரில் அண்ணாச்சி கடை, பாய் கடை என்று ஆளைச் சொல்லித்தான் பெயர். வாயைச் சுருட்டிவிட்ட சாக்குகள், பாயில் கட்டிய புளிச் சிப்பம், எண்ணெய் டின், தொங்கும் தராசு, கல்லாப்பெட்டி. வாசலில் கல்லுப்பு மூட்டை. அதை மட்டும் ராத்திரியில் யாரும் உள்ளே எடுத்து வைக்க மாட்டார்கள். திருட்டுப் போகாத சரக்கு அது ஒன்றுதான்.

அளவு

விலையில் பெட்டிக்கடை எப்போதும் கூடத்தான். கிலோ 160 ரூபாய் விற்கும் பருப்பில் 50 கிராமின் விலை 8 ரூபாய். பெட்டிக்கடைக்காரர் அதைப் பத்து ரூபாய்ப் பொட்டலமாக விற்றால் கால் பங்கு கூடுதல். அவரும் பஜார்க் கடையில் கிலோவாக வாங்கி வந்து பிரித்துக் கட்டுகிறவர்தான். தாள், நூல், சிந்துவது, காய்வது எல்லாம் அந்த இரண்டு ரூபாய்க்குள் அடங்க வேண்டும். ஆக, மாதச் சாமானைப் பெட்டிக்கடையில் வாங்கினால் வீட்டுக்கு நஷ்டம். ரசம் கொதிக்கும் நேரத்தில் சீரகம் தீர்ந்துபோனால் மட்டும் அந்தக் கூடுதல் காசு உறுத்தாது.

விலையில் ஜெயித்த பலசரக்குக் கடை, எடையில் ஏமாற்ற இடம் கொடுத்தது. பெட்டிக்கடையில் பொட்டலம் கண்ணுக்குத் தெரிகிறது. பிடிக்காவிட்டால் வாங்க வேண்டாம். தராசில் அப்படி இல்லை. தட்டின் அடியில் புளி ஒட்டுவது எல்லோருக்கும் தெரிந்த பழைய வேலை. தெரியாமல் நடப்பது இரண்டு. முதலாவது, தராசுக் கோலின் இரண்டு கையும் சம நீளமாக இல்லாதது. வெறுந்தட்டில் முள் நடுவில் நிற்கும், எடை போட்டால் பொய் சொல்லும். இதைப் பிடிக்க ஒரே வழி, சரக்கையும் படிக்கல்லையும் தட்டு மாற்றி வைக்கச் சொல்வது. அப்போதும் முள் நடுவில் நின்றால் தராசு நேர். இரண்டாவது துரு. கடற்காற்றில் இரும்புப் படிக்கல் செதில் செதிலாக உதிரும். கல் இளைத்தால் சரக்கும் குறையும். கல்லின் அடியில் ஈயம் அடைத்து, அதில் முத்திரை குத்தியிருக்கும். ஈயம் பெயர்ந்திருந்தால் அந்தக் கல்லை நம்பக் கூடாது. இப்போதுள்ள விதிப்படி படிக்கல்லுக்கும் தராசுக்கும் 24 மாதத்துக்கு ஒருமுறை முத்திரை புதுப்பிக்க வேண்டும், எலெக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை. எலெக்ட்ரானிக்கில் பார்க்க வேண்டியது, பையை வைக்கும் முன் பூஜ்யம் காட்டுகிறதா, பாத்திரத்தின் எடை கழிந்ததா, மேலே மின்விசிறிக் காற்று அடிக்கிறதா என்பவை.

எண்ணெயில் இன்னொரு நுணுக்கம். கடைக்கு வருவது 15 கிலோ டின். எண்ணெய் தண்ணீரை விட லேசானது, லிட்டருக்கு 910 முதல் 920 கிராம்தான். அதனால் ஒரு டின்னில் 16 லிட்டருக்கு மேல் அளக்கலாம். ஒரு கடையில் கிலோ விலையும் பக்கத்துக் கடையில் லிட்டர் விலையும் ஒன்றாக இருந்தால் கிலோவாகக் கொடுப்பவரிடமே வாங்க வேண்டும். ஏறக்குறைய 9 சதவீதம் அதிகம் கிடைக்கும். இந்தக் கணக்கு தெரியாமல் லிட்டரில் வாங்கிய வீடுகள் ஏராளம்.

படி அளவில் அரிசி வாங்கிய காலத்துச் சண்டை வேறு: கோபுரம் கட்டியா, தலைதட்டியா? இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, நாலு உழக்கு ஒரு படி என்பது எங்கும் ஒன்றுதான். ஆனால் கோபுரத்தில் நிற்கும் அரிசிக்குக் கணக்கே கிடையாது. அது கடைக்காரர் மனசு.

தீவுக்குள் இருந்த கடைகளுக்குக் கூடுதல் சுமை ஒன்று இருந்தது. 1988இல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கும்வரை ராமேசுவரத்துக்கு லாரி போக வழியில்லை. 1914இல் திறந்த ரயில் பாலம் ஒன்றுதான். மூட்டை ஸ்டேஷனில் இறங்கி மறுபடி வண்டியேற வேண்டும். ஏற்று கூலியும் இறக்கு கூலியும் பருப்பு விலையில்தான் ஏறும்.

கடன்

இதில் பெட்டிக்கடைக்குப் பக்கத்தில் எதுவும் வர முடியாது. பலசரக்குக் கடையும் கடன் கொடுத்தது, மாதச் சம்பளக்காரருக்கு. வாத்தியார், கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா, ரயில்வேக்காரர் என்றால் முதல் தேதி பணம் வரும் என்று அண்ணாச்சிக்குத் தெரியும். கடலுக்குப் போகிறவருக்கு ஏது முதல் தேதி? பாக் நீரிணையில் விசைப்படகுகளுக்குத் திங்கள், புதன், சனி என்றும் மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு என்றும் முறை வைத்திருக்கிறார்கள். விசைப்படகு மறுநாள் காலை கரை திரும்பும். எனவே செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில்தான் அந்தத் தெருக்களில் காசு புழங்கும். “அண்ணே, ரெண்டு ரூவாய்க்கு எண்ணெய், ஒரு ரூவாய்க்கு சீரகம், நோட்டுல எழுதிக்கிருங்க” என்றால், எந்தக் கிழமை வசூலாகும் என்று பெட்டிக்கடைக்காரர் கேட்க வேண்டியதே இல்லை. எந்தப் படகு எப்போது வந்தது, மீன்பாடு எப்படி என்பது அவர் உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

பஞ்ச காலம் எண்பதுகளில் ஐப்பசி, கார்த்திகை. மழையும் புயல் எச்சரிக்கையும் படகைக் கரையில் கட்டிப்போடும். 2001 முதல் மீன்பிடித் தடைக்காலமும் சேர்ந்துகொண்டது. முதலில் 45 நாள். 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள். நோட்டு தடிப்பது அந்த நாட்களில்.

கடன் நோட்டில் தகராறு வராமலிருக்க மூன்று பழக்கம் போதும். நோட்டு இரண்டு வேண்டும், ஒன்று கடையில், ஒன்று வீட்டில். பிள்ளையை அனுப்பினாலும் வீட்டு நோட்டைக் கொடுத்தே அனுப்ப வேண்டும். தேதி இல்லாத வரியே இருக்கக் கூடாது. பக்கம் முடியும்போது கூட்டி, அடுத்த பக்கத் தலையில் ‘மு.பா.’ (முன் பாக்கி) என்று பழைய பாக்கியை எழுத வேண்டும். சண்டை எப்போதும் இந்தப் பக்கம் திருப்பும் இடத்தில்தான் வரும். பழைய பாக்கி இரண்டு தடவை ஏறியிருக்கும், அல்லது கட்டிய பணம் முந்தின பக்கத்திலேயே தங்கியிருக்கும்.

25 பைசாவும் அதற்குக் கீழுள்ள நாணயங்களும் 2011 ஜூன் 30 முதல் செல்லாமல் போனபோது நாலணாப் பொட்டலத்துக்குப் பெயரளவில் இருந்த இடமும் போயிற்று. சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுக்கும் பழக்கம் மட்டும் எல்லாக் கடையிலும் நீடித்தது. திருப்பிக் கொடுத்தால் எந்தக் கடையும் வாங்காத நாணயம் அது.

ஈரக்காற்று

கடலோரத்தில் சரக்கு கெடுவது பழசாகிப்போய் அல்ல, நமத்துப்போய். இந்த விஷயத்தில் சரக்கு வேகமாக ஓடும் கடைதான் நல்ல கடை. பஜார்க் கடையில் ஒரு மூட்டை சர்க்கரை நாலைந்து நாளில் தீரும். பெட்டிக்கடையில் இரண்டு கிலோ பாட்டில் இரண்டு வாரம் நிற்கும், மூடி ஐம்பது தடவை திறக்கும். மழை தொடங்கியதிலிருந்து மார்கழி தாண்டும்வரை பெட்டிக்கடையில் பிஸ்கட், அப்பளம், சர்க்கரை மூன்றையும் தவிர்ப்பது உத்தமம்.

மிட்டாய்களை மட்டும் இந்தக் கோணத்தில் தனியாகப் பார்க்கலாம். தாள் சுற்றாத ஆரஞ்சு மிட்டாய் முதல் மழையிலேயே ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாகிவிடும். கடைக்காரர் கரண்டிக் காம்பால் குத்தி உடைத்து எடுப்பார். கடலை மிட்டாய் பாகின் பதத்தைப் பொறுத்தது. பாகு தண்ணீரில் விட்டால் கண்ணாடி போல் உடையும் பதத்துக்கு வந்திருந்தால் தாங்கும். இளம்பாகாக இருந்தால் இரண்டு நாளில் பிசுபிசுக்கும். கமர்கட்டுக்கு ஈரத்தை விடத் தேங்காய்தான் எமன். சிக்கு வாடை அடித்தால் வாயில் போட வேண்டாம். தேன் மிட்டாய் வெளியே சர்க்கரை பூத்து வறண்டிருந்தாலும் உள்ளே பாகு இருக்கிறவரை தப்பில்லை. கடித்து உள்ளேயும் மாவாக இருந்தால் பழையது. எல்லாவற்றையும் விட நன்றாகத் தாங்கியது சூட மிட்டாய். ருசியில் கடைசி, ஆயுளில் முதல்.

பருப்பிலும் அரிசியிலும் வண்டு விழாமல் இருக்க இரண்டு கடைக்காரர்களும் காய்ந்த மிளகாய், வேப்பிலை, வசம்பு போட்டார்கள். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்த கடைதான் ஒழுங்கான கடை. தரையில் கிடந்த மூட்டையின் அடி நாலு விரல் எப்போதும் பூஞ்சைதான். அந்த அடிச்சரக்கு யார் தலையில் விழும் என்பது மாதக் கடைசியில் வாங்குகிறவர்களுக்குத் தெரியும்.

சோடாவும் கொசுறும்

கோலி சோடா பெட்டிக்கடையின் தனிச்சொத்து. பாட்டிலுக்குள் அழுத்தமாக நிற்கும் வாயு கோலியைக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு ஒட்டித் தள்ளும், அதுவே மூடி. ரப்பர் தேய்ந்தால் வாயு கசிந்து சோடா சப்பென்று இருக்கும். திறக்கும்போது சத்தம் பலமாக வந்தால் சரக்கு சரி. வெயிலில் அடுக்கிய பாட்டில் வெடிக்கும் என்பதால் மணல் நனைத்து நிழலில் வைப்பார்கள். ஆனால் அந்தக் கழுத்து மடிப்பைக் கழுவ பிரஷ் நுழையாது. சுத்தம் என்று பார்த்தால் கிரவுன் மூடி போட்ட கம்பெனி பாட்டில்தான் மேல். 1916இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் போன்றவை அந்த இடத்தைப் பிடித்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

கொசுறில் பலசரக்குக் கடை கெட்டிக்காரக் கடை. சாமான் வாங்க வரும் பிள்ளையின் கையில் ஒரு சிறு வெல்லக்கட்டியோ ஒரு பிடி பொட்டுக்கடலையோ விழும். மறுநாள் அந்தப் பிள்ளை வேறு கடைக்குப் போகாது. இன்றைக்குச் சலுகை அட்டை அச்சடிப்பவர்கள் செய்வது இதைத்தான், இவ்வளவு மலிவாக அல்ல.

சூப்பர் மார்க்கெட் வந்த பிறகு

ஒட்டிய பாக்கெட் ஈரக்காற்றுக்குச் சரியான பதில். சர்க்கரை, ரவை, மைதா, பிஸ்கட் எல்லாம் அங்கே வாங்குவதே லாபம். சட்டமும் அந்தப் பக்கம் சாய்ந்தது. அயோடின் சேர்க்காத உப்பை நேரடி உணவுக்கு விற்கக் கூடாது என்று 2006இல் தடை வந்ததும் வாசல் மூட்டைக்கு மரியாதை குறைந்தது; வாலிநோக்கத்தில் அரசு உப்புக் கழகம் உப்பு எடுக்கும் மாவட்டத்திலேயே வீட்டுக்கு வருவது பாக்கெட் உப்பு. சில்லறையாக எண்ணெய் அளந்து விற்பதற்கும் தடை உண்டு. செய்தித்தாளில் பொட்டலம் கட்டுவதை 2018 விதிமுறை நிறுத்தச் சொல்கிறது. எண்ணெய்ப் பண்டத்தில் அச்சு மை இறங்கும் என்பதால் இது நியாயமான தடை. அந்தப் பொட்டலத்தின் கூம்பு மடிப்பை எவ்வளவு ரசித்தாலும் வடையை அதில் வாங்கக் கூடாது.

பாக்கெட்டில் தோற்கும் சரக்கும் இருக்கிறது. கருப்பட்டியை உடைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். உடைந்த இடம் மங்கலாக இருந்தால் நல்லது, பொடிப்படிகம் மினுமினுத்தால் சீனி கலந்தது. பதநீர்க் காலமான பங்குனி முதல் ஆனி வரை சாயல்குடி பக்கத்திலிருந்து வரும் புதுச் சரக்கைப் பழக்கமான கடையில் வாங்கி, காற்றுப் புகாத பானையில் போட்டு, அடுப்புக்கு மேலே சூடு படும் இடத்தில் வைத்தால் மழைக்காலத்தில் கசியாது. கருவாட்டில் விரல் வைத்தால் ஈரம் ஒட்டக் கூடாது. சிவப்புத் திட்டு தெரிந்தால் அது உப்பில் வளரும் கிருமி, விலை குறைத்தாலும் வேண்டாம்.

2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாயும் அப்படியே. பிளாஸ்டிக் பையில் அழுத்திக் கட்டியதில் காம்பு உடைந்து, அந்தத் துளை வழியாக ஈரம் உள்ளே போய்விடும். மாசி, பங்குனியில் சாக்கிலிருந்து கையால் அள்ளிப் பார்த்து வாங்குவதே சரி. காம்போடு இருக்க வேண்டும், குலுக்கினால் உள்ளே விதை சத்தம் போட வேண்டும், வெளுத்த காய் அதிகம் கூடாது. ஐந்தாறு காயைக் கிள்ளிப் பார்த்து, உள்ளே சாம்பல் பூசணம் இருந்தால் அந்தச் சாக்கையே விட்டுவிட வேண்டும். கிள்ளிப் பார்க்க விடாத கடையாக இருந்தால், கடையையும்.