வேப்பமரத்தைச் சுற்றிப் போன டிரெயினேஜ் லைன்

இந்த முறை டொராண்டோவிலிருந்து ஊருக்குப் போனபோது, சென்னை கே.கே. நகர் வீட்டில் பாத்ரூம் தண்ணீர் இறங்கவே இல்லை. 1970களில் கட்டிய வீடு. கழிவுநீர் போவது அந்தக் காலத்து ஸ்டோன்வேர் (சுட்ட களிமண்) குழாய், இரண்டு மூன்று அடித் துண்டுகளாகச் சேர்த்து சிமெண்ட் பூசியது. பூச்சில் விரிசல் விட்டால் ஈரம் கசியும், வேர் அதைத் தேடி உள்ளே நுழைந்துவிடும்.

முதலில் வந்த பிளம்பர் வேப்பமரத்தை வெட்டச் சொன்னார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. வெட்டினாலும் குழாயின் விரிசல் போய்விடாதே! அப்புறம் அதே பிளம்பர், தெரு மேன்ஹோலில் ஆளை இறக்கலாம் என்றார். விஷவாயு தாக்கி இத்தனை பேர் செத்த பிறகும் இப்படிக் கேட்கிறார்களே என்று நெஞ்சு பதறியது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அவரை அனுப்பிவிட்டு மெட்ரோ வாட்டரில் (சென்னைக் குடிநீர் வாரியத்தில்) புகார் கொடுத்தோம். வேகமாகத் தண்ணீர் பீய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட்ராடிங் வண்டி வந்து தெருப் பக்கம் சுத்தம் செய்தது. அடைப்பு எங்கள் காம்பவுண்டுக்குள்தான் என்பது அப்போது உறுதியானது.

தெரிந்தவர் மூலம் ஒரு மேஸ்திரி கிடைத்தார். குழாய்கள் வந்து சேரும் சிறு தொட்டியான சேம்பரைத் திறந்து, மேலே நின்றபடியே கம்பியை விட்டு இழுத்தார். பின்னல் சடை போல, முழங்கை நீளத்துக்கு வேர் வந்தது. “அறுத்தா திரும்ப வளரும் சார். லைனையே மாத்திடலாம்” என்றார்.

மரத்துக்கு எதிர்ப்பக்கச் சுவரோரமாக 110 மி.மீ. பி.வி.சி. குழாய் போட்டார்கள். ஒளி ஊடுருவும் டியூபில் தண்ணீர் நிரப்பி, பத்தடிக்கு மூன்று அங்குலம் சரிவு வருகிறதா என்று அவர் குனிந்து பார்த்துப் பார்த்துச் செய்த பொறுமையை நான் எங்கேயும் பார்த்ததில்லை. லைன் திரும்பும் இடத்தில் எல்போ (வளைவுத் துண்டு) வேண்டாம் என்று சேம்பரே கட்டினார். கேட்டுக்கு உள்ளே இருந்த பழைய கடைசி சேம்பரிலேயே இணைத்ததால் ரோட்டை வெட்ட அனுமதி வாங்கும் அலைச்சலும் இல்லை. பழைய குழாயின் இரண்டு முனைகளையும் கான்கிரீட்டால் அடைக்கச் சொன்னதும் அவர்தான். இல்லாவிட்டால் எலி குடியேறும்.

மண் மூடுவதற்கு முன் வாளி வாளியாக மஞ்சள் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். கடைசி சேம்பரில் தங்காமல் ஓடியது. சுவரிலிருந்து குழாய் எத்தனை அடி, எவ்வளவு ஆழம் என்று படம் வரைந்து அம்மாவின் பீரோவில் வைத்திருக்கிறேன். நாளை யாராவது அங்கே செடி வைக்கக் குழி தோண்டினால் உதவும்.